முடவாட்டுக்கால் சூப்பும் வாசலுக்கு வரும் பார்சலும்

மார்கழி பிறந்துவிட்டால் ஏற்காட்டில் விடிந்து வெகுநேரமாகியும் பனிமூட்டம் கலைவதில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. கீழே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் மேலே காதை மூடி மஃப்ளர் கட்ட வேண்டியிருக்கும். சுற்றுலா வண்டிகள் நிற்கும் இடங்களில் அடுப்பின்மேல் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் பழுப்பு ரோமம் மூடிய, பார்வைக்கு ஆட்டின் காலாகவே தோன்றும் துண்டுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அதுதான் முடவாட்டுக்கால். ஆட்டுக்கால் கிழங்கு என்றும் சொல்வதுண்டு. ரோமத்தைக் கத்தியால் சுரண்டி, தோலைச் சீவி, உள்ளிருக்கும் வெளிறிய சதையை நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் சூப். குளிரில் நடுங்கி வருபவர்களுக்கு அந்தக் கோப்பை எவ்வளவு இதமானது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அதைக் குடிக்க மலையேற வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிருக்கிறது. கைப்பேசியில் தேடினால் கிலோ சில நூறு ரூபாய்க்கு முடவாட்டுக்கால் விற்பவர்கள் வரிசையாக வருகிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் இறங்கும் துண்டுகள், பருப்பும் எண்ணெயும் வருவதைப் போலவே அட்டைப்பெட்டியில் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருவுக்கும் போய்ச் சேர்கின்றன. செய்முறை யூடியூபில் கிடைக்கிறது. மழை பெய்யும் நாளில் வீட்டைவிட்டு இறங்காமல் மலைச் சூப் வைத்துக் குடித்துவிடலாம். வாசலுக்குச் சாமான் வருவதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் நட்டு வளர்த்து அறுத்த பொருளுக்குத்தான் அந்த வழி பொருந்தும். பாறையிலிருந்து பெயர்த்தெடுத்த காட்டுச் செடியை அதே வழியில் அனுப்பத் தொடங்கினால் மலை தாங்காது. முடவாட்டுக்காலை முதலில் பயிராக்க வேண்டும், பார்சல் அதற்குப் பிறகு என்பது என் கட்சி.

ஏன் என்பதற்கு அந்தச் செடியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிழங்கு என்று எல்லோரும் சொன்னாலும் இது மண்ணுக்குள் விளைவதல்ல. டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்ற பெரணியின் தண்டு. பாறை இடுக்கிலும் மரக்கிளையிலும் ஒட்டிக்கொண்டு படர்கிறது. பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடிப்பக்கம் புள்ளி புள்ளியாக இருக்கும் இடங்களிலிருந்து உதிரும் தூள் போன்ற நுண்வித்துகளால் பரவுகிறது. இந்தச் செடிக்கு இரண்டு வகை இலைகள் உண்டு. ஒரு வகை பச்சையாக நீண்டு வளர்ந்து உணவு தயாரிக்கும். மற்றது குட்டையானது. சீக்கிரமே காய்ந்து பழுப்பேறி, உதிராமல் தண்டை அணைத்துக் கிண்ணமாக நிற்கும். மேலிருந்து விழும் சருகும் தூசியும் அதில் தங்கி, மக்கி எருவாகின்றன. மழைநீரும் கொஞ்சம் நிற்கிறது. மண்ணே இல்லாத பாறையில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடி இது. கோடை வந்ததும் பச்சை இலைகளை உதிர்த்துவிடும். அப்போது அது உயிர் பிழைத்திருப்பது தண்டில் சேர்த்துவைத்த நீராலும் மாவுச்சத்தாலும்தான். சூப்புக்கு நாம் எடுப்பது அந்தச் சேமிப்பையே. கீரையைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். பலாவைப் பறித்தால் மரம் நிற்கும். முடவாட்டுக்காலின் தண்டை முழுதாகப் பெயர்த்தால் செடியே போய்விடுகிறது. அது பிடித்துவைத்திருந்த மக்கும் அடுத்த மழையில் பாறையிலிருந்து வழிந்து போகிறது. வெறும் பாறையில் ஒரு நுண்வித்து விழுந்து, முளைத்து, மறுபடி கைப்பருமன் தண்டாக ஆண்டுகள் பல ஆகும்.

மலையில் வாழ்பவர்கள் இதை எத்தனையோ தலைமுறையாக எடுத்து வந்திருக்கிறார்கள், அப்போது அழியாதது இப்போது எப்படி அழியும் என்று கேட்கலாம். வேறுபாடு அளவில் இருக்கிறது. வீட்டில் யாருக்கோ மூட்டுவலி என்றால் ஒரு துண்டு வெட்டி வருவது ஒன்று. சாலையோரக் கடைக்கு வெட்டுவது அதைவிடப் பெரிது. ஆனாலும் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மலைக்கு எத்தனை பேர் ஏறி வருகிறார்களோ அத்தனை கோப்பைதான் விற்கும். ஒரு கோப்பைக்கு நசுக்கிப் போடும் துண்டும் சிறியது. கடைக்காரர் சம்பாதிப்பது தண்டின் விலையை மட்டுமல்ல, சுரண்டி, தட்டி, விறகு வைத்துக் கொதிக்கவைத்த உழைப்பின் கூலியையும் சேர்த்து. பார்சல் இந்த மூன்றையும் தலைகீழாக்குகிறது. வாங்குபவர் எங்கிருந்தாலும் வாங்கலாம் என்பதால் தேவைக்கு மேல்வரம்பு இல்லை. கணக்கு கோப்பையிலிருந்து கிலோவுக்கு மாறிவிடுகிறது. மலையில் இருப்பவருக்குக் கிடைப்பது பச்சைத் தண்டின் விலை மட்டும். பெட்டி கட்டுபவர், அனுப்புபவர், விளம்பரம் செய்பவர் என்று மீதி கீழே பங்காகிவிடுகிறது. இணையக் கடையின் பட்டியலில் ஒரு பொருள் ஏறிவிட்டால் அது எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்பது வியாபாரத்தின் கட்டாயம். இல்லையென்றால் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் ஒரு பாறை தீர்ந்ததும் அடுத்த பாறைக்கு ஆள் போகிறது.

இதே பாதையில் ஏற்கெனவே ஒரு செடி போயிருக்கிறது. மாகாளிக்கிழங்கு ஊறுகாயைத் தெரியாத தமிழர்கள் குறைவு. மோரில் ஊறிய அந்தத் துண்டுகளின் வாசனைக்காகவே தயிர்சாதம் சாப்பிடுபவர்கள் உண்டு. டெக்கலெபிஸ் ஹாமில்டோனியை என்ற அந்தக் கொடியும் தென்னிந்திய மலைச்சரிவுகளில் தானாக வளர்வது. ஊறுகாய்க்கு வேண்டியது வேர். வேரைத் தோண்டினால் கொடி நிற்காது. நன்னாரி சர்பத் தயாரிக்கவும் நன்னாரி வேருக்குப் பதிலாக இதைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மாகாளி அழியும் ஆபத்திலுள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது. ஊறுகாய் போட்ட பாட்டிகளைக் குறை சொல்ல நியாயமில்லை. வீட்டு ஜாடிக்குத் தோண்டிய காலத்தில் கொடி தாக்குப்பிடித்தது. பாட்டில் பாட்டிலாகக் கடைக்குப் போகத் தொடங்கியபோதே அதைப் பயிராக்கும் வேலையை யாராவது பெரிய அளவில் கையில் எடுத்திருக்க வேண்டும். முடவாட்டுக்காலுக்கு அந்த வேலையைச் செய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முடவாட்டுக்கால் மாகாளி அளவுக்கு அரிய செடி அல்ல. இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை பரவியிருக்கும் பெரணி இது. சேர்வராயன் மலையில் கடைசிச் செடியைப் பெயர்த்துவிட்டாலும் உலகத்திலிருந்து அது மறைந்துவிடாது. இதைக் காட்டி, பதறத் தேவையில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கலாம். நான் அதை ஏற்கவில்லை. மலேசியக் காட்டில் முடவாட்டுக்கால் செழித்திருப்பதால் ஏற்காட்டுப் பாறைக்கு ஒரு பயனும் இல்லை. இந்தப் பாறையில் மக்கைப் பிடித்துவைப்பதும், அந்த மக்கில் வேறு செடிகளும் பூச்சிகளும் குடியேற இடம் கொடுப்பதும் இந்தச் செடி. மேலும், ஓர் இனம் உலகப் பட்டியலில் ஏறும்வரை காத்திருப்பது என்பது, அதை நம்பி அடுப்பு மூட்டும் மலைக்காரர்களின் வருமானம் போன பிறகு கணக்கெடுக்கத் தொடங்குவதாகும். சேர்வராயன் மலை ஏற்கெனவே பாக்சைட் சுரங்கங்களுக்குத் தன் உச்சிகளில் சிலவற்றைக் கொடுத்த மலை. பறித்தால் திரும்ப வராதவை எவை என்பது அந்த மண்ணுக்குப் புதிய பாடம் அல்ல.

பார்சலுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் கனமானது மருந்து என்ற வாதம். மூட்டுவலியால் படி இறங்க முடியாத ஒருவர் ஏற்காட்டுக்கு எப்படிப் போவார், அவருக்கு வீட்டுக்கு வந்தால்தானே உதவும் என்பது நியாயமான கேள்வி. இந்தத் தண்டின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் வீக்கமும் வலியும் குறைந்தது பதிவாகியிருக்கிறது. சீன மருத்துவத்திலும் இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு பெரணியின் தண்டை எலும்பு முறிவுக்கு வெகுகாலமாகக் கொடுத்து வருகிறார்கள். ஆகவே மலைமக்களின் அனுபவத்தை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவது சரியல்ல. ஆனால் எலியில் கண்டதற்கும், வடிகட்டிய ஒரு கோப்பைச் சூப் மனித மூட்டில் என்ன செய்யும் என்பதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. விற்பனை விளம்பரங்கள் அந்தத் தூரத்தை ஒரே தாவில் கடக்கின்றன. சூப் குடித்ததும் கிடைக்கும் சுகத்தில் பெரும்பங்கு கொதிநீருக்கும் மிளகுக்கும் உரியது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளைத் தூண்டுவதால்தான் தொண்டை முதல் வயிறு வரை கதகதப்பாக இருக்கிறது. மூட்டுவலி எல்லாம் ஒரே நோயும் அல்ல. முடக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டிக் கட்டுப்படுத்தாவிட்டால் மூட்டு நிரந்தரமாகச் சிதையும். மாதம் ஒரு பார்சலை நம்பி அந்தக் காலத்தைக் கடத்துவது சூப்பால் வரும் கேடு அல்ல, விளம்பரத்தால் வரும் கேடு. பொடியாக அரைத்து விற்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரோமம் மூடிய தண்டைக் கண்ணால் அடையாளம் காணலாம். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவரால் அறிய முடியாது.

அடுத்தது பிழைப்பு. சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள் எனப்படுபவர்கள். கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ் பேசும் இவர்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து இந்த மலைகளில் குடியேறியதாகச் சொல்லும் மரபுக்கதை உடையவர்கள். சாமையும் கேழ்வரகும் விளைவித்து வந்த அவர்களுக்குத் தோட்டக் கூலியோடு சேர்ந்து வனப்பொருளும் ஒரு வருமானம். அந்த வருமானத்தைத் தடுக்க நகரத்தில் உட்கார்ந்து எழுதும் யாருக்கும் உரிமை இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மூலிகை, வேர், கிழங்கு உள்ளிட்ட சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்குத் தெளிவாக உரிமை கொடுத்திருக்கிறது. அதே சட்டம், காட்டையும் அதன் உயிர்வளத்தையும் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபைக்கே கொடுக்கிறது. எந்தப் பாறையில் எந்த ஆண்டு வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும், நுனியும் கிண்ண இலையும் உள்ள பகுதியை விட்டு நடுத்தண்டை மட்டும் எப்படி எடுப்பது என்றெல்லாம் முடிவுசெய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான். பெயர் தெரியாத வாங்குபவர் பணத்தோடு காத்திருக்க, வெளியூர் வியாபாரி கிலோவுக்கு விலை பேசும்போது அந்தக் கட்டுப்பாடு நிலைப்பது கடினம். ஆகவே பிழைப்பு என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. அதைக் கடைசிவரை கொண்டுபோனால் அது பயிர் செய்வதில்தான் வந்து நிற்கும். பத்தாண்டு கழித்தும் விற்க ஏதாவது இருந்தால்தானே அது பிழைப்பு?

வாசலுக்கு வரும் வண்டியையே பகையாக நினைக்க வேண்டாம் என்பதற்கும் ஒரு சான்று கையில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தமிழக அரசு தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறுகளில் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பது அப்போதைய ஏற்பாடு. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 21.7 லட்சம் பேரைக் கணக்கில் வைத்துத் தொடங்கினார்கள். எடைத்தராசும் பதிவு இயந்திரமும் வண்டியிலேயே வரும். ஒரு சரிவில் நாலு வீடு, அடுத்த சரிவில் ஆறு வீடு என்று சிதறிக் கிடக்கும் மலைக் கிராமங்களில், குளிர்காலத்தில் அரிசி மூட்டையோடு ஏறி இறங்க முடியாத ஒரு மூதாட்டிக்கு இது எத்தனை பெரிய உதவி! பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் கொண்டுவரும் நகரத்து வண்டிகள் இந்தச் சரிவுகளை எட்டிப்பார்ப்பதில்லை. நெருக்கமாக வீடுகள் இருந்தால்தான் அந்த வியாபாரம் கட்டுப்படியாகும். ரேஷன் வண்டி எட்டிப்பார்க்கிறது. அதில் வருவது வயலில் விளைந்த அரிசி. யாருக்கு எவ்வளவு, எந்த நாளில் என்பது முன்கூட்டியே முடிவானது. விளைச்சலும் அளவும் பின்னால் நிற்கும்போது, வாசலுக்குச் சாமான் வருவதால் எந்த மலைக்கும் பாதகமில்லை.

முடவாட்டுக்காலைப் பயிராக்க முடியுமா என்றால், முடியாது என்று சொல்ல ஏற்காட்டைவிடப் பொருத்தமற்ற ஊர் கிடையாது. அந்த மலையின் பொருளாதாரமே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவற்றால் ஆனது. 1820களில் சேலத்தில் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில்தான் காபி இங்கே காலூன்றியது. காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அந்த மரத்தைப் பற்றி ஏறும் மிளகு, ஒரு காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் தானாகப் படர்ந்த கொடி. சூப்பில் போடும் மிளகை இன்று யாரும் காட்டில் தேடி அலைவதில்லை. யாரோ எப்போதோ ஒரு கொடித்துண்டை வெட்டி வீட்டு மரத்தடியில் ஊன்றியதால்தான் அது உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகும் காட்டில் மிஞ்சியிருக்கிறது. முடவாட்டுக்காலுக்கும் துண்டு போதும். நுண்வித்திலிருந்து வளர்க்கப் பொறுமை வேண்டும், ஆனால் உயிருள்ள நுனியோடு தண்டைத் துண்டாக்கி, தென்னை நாரும் பாசியும் வைத்து மரப்பட்டையிலோ பாறையிலோ கட்டிவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். அலங்காரப் பெரணி வளர்ப்பவர்களுக்கு இது பழகிய வேலை. காபித் தோட்டங்களில் நிழல் மரங்களுக்குப் பஞ்சமில்லை, அடிமரம் வெறுமையாகத்தான் நிற்கிறது. உழ வேண்டாம், தனியாக நிலமும் ஒதுக்க வேண்டாம்.

ஊரிலேயே இதற்கான அறிவும் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டில் இயங்குகிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டமும் அங்கேதான். ஆர்க்கிட்களில் பெரும்பகுதி முடவாட்டுக்காலைப் போலவே மரத்தில் ஒட்டி வாழ்பவை. எந்தப் பட்டையில் ஒட்டும், எந்த மாதத்தில் கட்டினால் தழைக்கும், எத்தனை ஆண்டில் வெட்டலாம், எவ்வளவு விட்டுவைத்தால் மறுபடி வளரும் என்பவற்றை அளந்து ஒரு சிறு கையேடாக மலைக் கிராமங்களுக்குக் கொடுப்பது இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் எட்டாத காரியம் அல்ல. செலவும் பெரிதாக ஆகாது. நட்டு வளர்த்த தண்டுக்குத் தனி முத்திரை கொடுத்து, பழங்குடிக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக விற்றால், பெட்டி கட்டும் இடமும் மலையிலேயே இருக்கும், கூலியும் மலையிலேயே தங்கும். பயிரிட்டதற்குக் காட்டில் எடுத்ததன் வீரியம் வராது என்று சிலர் சொல்வார்கள். மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ப மூலிகையின் குணம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே மலையும் அதே மலை, மழையும் அதே மழை. காட்டு மரத்துக்கும் தோட்டத்து மரத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு வேலி மட்டும். குணம் குறைகிறதா என்பதை ஆய்வகத்தில் பார்த்துவிடவும் முடியும்.

அதுவரை வாங்குபவர்கள் என்ன செய்வது? விற்பவரிடம் இது நட்டதா, காட்டில் எடுத்ததா என்று கேட்கலாம். பதில் தெளிவாக வராவிட்டால் வாங்காமல் விடலாம். ஏற்காட்டிலிருந்து பார்சலில் வரத் தகுந்தவை நிறைய இருக்கின்றன. மிளகு வரட்டும், காபிக்கொட்டை வரட்டும், சாமை வரட்டும். இவை எவ்வளவு விற்றாலும் அடுத்த பருவத்தில் மறுபடி விளையும். குளிருக்குச் சூப் வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி சாமையைக் குழைய வேகவைத்து மசித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப்போட்டு, ஏற்காட்டு மிளகும் சீரகமும் அப்போதே பொடித்துத் தூவி, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையோடு கொதிக்கவிட்டால் போதும். கெட்டியும் காரமும் கதகதப்பும் குறைவில்லாமல் வரும். முடவாட்டுக்காலின் அந்த லேசான துவர்ப்பு மட்டும் இருக்காது. அது வேண்டுமானால் ஒரு தை மாதச் சனிக்கிழமை மலையேறிப் போய், அடுப்புக்காரருக்குக் காசு கொடுத்து, நின்று குடித்துவிட்டு வரலாம்.